உடுப்பில்லாக் கடற்கரை: என் வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் ஜேர்மன் மொழி வகுப்பு நடத்துகிறேன். ஜேர்மனியில் இருக்கிற கணவரிடம் போவதற்காக ஏ1 என்ற ஆரம்ப மொழிப் பரீட்சை எழுதும் பெண்களும், தாதித் தொழில் படிக்கப் போகிற பிள்ளைகளும் வருகிறார்கள். அதற்கு முன் ஒன்பது வருடம் ஜேர்மனியின் வடக்கே ரொஸ்டொக் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் மூன்றாவது நான்காவது கிழமையில் யாராவது ஒருவர் எல்லாரும் போகும்வரை காத்திருந்து, ஜேர்மனியின் உடுப்பில்லாக் கடற்கரைகளைப் பற்றிக் கேட்பார். இங்கே கிழக்குக் கரையில் பாசிக்குடாவிலும் உல்லையிலும் (அறுகம்குடா) அறை வாடகைக்கு விடுகிற சொந்தக்காரரும் போன் எடுத்துக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்ச்சொல்லை மாற்றாமல் கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

"டீச்சர், அங்க கடற்கரையில எஃப்கேகே எண்டு போர்ட் போட்டிருக்காம். அது என்ன?"

ஜேர்மன்காரர் அதை 'எஃப்-கா-கா' என்று வாசிப்பார்கள். 'ஃப்ரைகோர்பர்குல்டூர்' என்ற நீண்ட சொல்லின் சுருக்கம் அது. தமிழில் 'கட்டில்லாத உடற்பண்பாடு' என்று சொல்லலாம். அந்தப் போர்ட் இருக்கிற இடத்தில் ஆணும் பெண்ணும் குடும்பங்களும் உடுப்பில்லாமல் குளிப்பார்கள், வெயில் காய்வார்கள், பந்து விளையாடுவார்கள், புத்தகம் வாசிப்பார்கள். போர்ட் வைத்திருப்பதே, விஷயம் தெரியாதவர் தவறி உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். உடுப்போடு குளிக்கிற பகுதிக்கு அங்கே 'டெக்ஸ்டீல்' கடற்கரை என்று பெயர், அதாவது துணிக் கடற்கரை. ரொஸ்டொக்கை அடுத்த வார்னமுண்டவில் ஒரே நீண்ட மணலில் துணிப் பகுதி, துணியில்லாப் பகுதி, நாய்களுக்கான பகுதி என்று பிரித்து வைத்திருப்பார்கள்.

"உடுப்பில்லாம இரிக்கிறதுக்கு எதுக்கு ஒரு பேர்? உரிஞ்சு நிண்டா நிண்டதுதானே?"

நம் ஊரில் 'உரிஞ்சு' என்றாலோ 'அம்மணம்' என்றாலோ அது ஏச்சு, இல்லாவிட்டால் சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற செல்லம். பெரியவர்கள் பலர் சேர்ந்து, ஒப்புக்கொண்டு, வெட்கப்படாமல் உடுப்பில்லாமல் இருப்பதைச் சொல்ல நம்மிடம் பழகிய சொல் இல்லை. நான் 'சமூக நிர்வாணம்' என்கிறேன். 'சமூக' என்ற பாதிதான் இதில் முக்கியம். குளியலறையில் தனியாக நிற்பது இதில் சேராது. நாலு பேர் முன்னால் ஒருவர் மட்டும் உரிந்து நிற்பதும் சேராது. அங்கே இருக்கிற எல்லாரும் ஒரே ஒப்பந்தத்துக்குள் நிற்க வேண்டும்.

இதைப் பின்பற்றுகிறவர்களுக்கு சர்வதேச கூட்டமைப்பு ஒன்று உண்டு. 1974 இல் பிரான்சின் ஆக்ட் நகரில் கூடி அவர்கள் ஒரு வரைவிலக்கணம் செய்தார்கள். இயற்கையோடு இசைந்து வாழ்தல், சேர்ந்து நிர்வாணமாக இருத்தல், அதன் வழியாகத் தன்னையும் பிறரையும் சுற்றுச்சூழலையும் மதித்தல் என்பது அதன் சாரம்.

"சும்மா சொல்லாதீங்க டீச்சர். அந்த எண்ணத்தோடதானே எல்லாரும் போவாங்க?"

இல்லை. இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது, அதனால் கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. நிர்வாணத்தை நாம் பார்த்திருப்பது இரண்டே இடத்தில்: படுக்கையறை, ஆபாசப் படம். அதனால் உடம்பு தெரிந்தால் அடுத்தது அதுதான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. ஜேர்மனியில் ஒரு பிள்ளை தன் பாட்டியையும் மாமாவையும் பக்கத்து வீட்டுக்காரரையும் ஏரிக்கரையில் அப்படியே பார்த்து வளர்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு உடம்பு என்றால் தொப்பை, சுருக்கம், சத்திரசிகிச்சைத் தழும்பு, கொசுக்கடி. அவ்வளவுதான்.

இந்த இடங்களில் பாலியல் நடத்தைக்கு அனுமதி இல்லை. தொட்டால், சீண்டினால், ஒருவரையே வெறித்துப் பார்த்தால் வெளியே போகச் சொல்வார்கள். சில இடங்களில் வேறு விதமான ஆட்கள் வந்து பெயரைக் கெடுத்ததும் உண்டு. அதை அங்கே அதிகம் வெறுப்பவர்கள் பழைய எஃப்கேகே குடும்பங்கள்தான்.

"இது ஹிப்பி ஆக்கள் தொடங்கின கூத்துத்தானே?"

ஹிப்பிகளுக்கு அறுபது எழுபது வருடம் முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜேர்மன் நகரங்களில் தொழிற்சாலைப் புகை, இருட்டு வீடுகள், காசநோய், மூச்சு முட்டுகிற உடுப்புகள். அதற்கு எதிராக 'வாழ்க்கைச் சீர்திருத்தம்' என்று ஓர் இயக்கம் எழுந்தது. மரக்கறிச் சாப்பாடு, மதுவிலக்கு, வெயில், காற்று, தண்ணீர் என்று பேசியவர்கள் அவர்கள். வெயிலும் காற்றும் தோலில் நேரே பட வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. 1903 இல் ஜேர்மனியின் வடக்கே இதற்கென்று ஒரு பூங்கா திறந்தார்கள். 1920களில் பேர்லினில் அடோல்ஃப் கோஹ் என்ற பள்ளி ஆசிரியர் தொழிலாளர் குடும்பங்களுக்கு உடுப்பில்லாத உடற்பயிற்சி வகுப்பு நடத்தினார்.

1933 மார்ச்சில், நாசிகள் ஆட்சிக்கு வந்து ஐந்து கிழமைக்குள், நாசித் தலைவர்களில் ஒருவரான கேரிங் இதற்கு எதிராக உத்தரவு போட்டார். போருக்குப் பிறகு மேற்கு ஜேர்மனியில் 1949 இல் எஃப்கேகே சங்கங்களின் கூட்டமைப்பு உருவாகியது. பிரான்சின் மொந்தாலிவே கடற்கரையில் 1950 இல் பெரிய விடுமுறை முகாம் வந்தது. நான் மேலே சொன்ன சர்வதேசக் கூட்டமைப்பு 1953 இல் அங்கேதான் பிறந்தது. கிழக்கு ஜேர்மனி அரசு 1950களில் போல்டிக் கரையில் இதைத் தடுக்கப் பார்த்தது. மக்கள் விடவில்லை. 1956 இல் குறித்த இடங்களில் குளிக்க அனுமதி கொடுத்தார்கள். ரொஸ்டொக் அந்தக் கிழக்கு ஜேர்மனியில்தான் இருந்தது, நான் பராமரித்த முதியவர்கள் அந்தத் தலைமுறை. கட்சியும் பொலிசும் எல்லாவற்றிலும் தலையிட்ட நாட்டில், கடற்கரையில் மட்டும் யார் அதிகாரி யார் மெக்கானிக் என்று தெரியாது என்று அவர்கள் சொல்வார்கள்.

இன்னொரு செய்தியைக் கேட்டால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். இப்படிச் சேர்ந்து பழகுவதற்கென்று தொடங்கிய சங்கங்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது ஐரோப்பாவில் இல்லை, இந்தியாவில் இருந்தது. 1891 இல் பம்பாய்க்குப் பக்கத்துத் தானேயில் சார்ல்ஸ் குரோஃபர்ட் என்ற ஆங்கிலேய நீதிபதி தொடங்கினார். உறுப்பினர் மொத்தம் மூன்று பேர்.

"அப்ப சமணச் சாமிமாரும் நாகா சாமிமாரும் செய்யிறதும் இதுதானா?"

இல்லை, இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம். உடுப்பில்லாத சமணத் துறவிகளுக்குத் திகம்பரர் என்று பெயர், திசைகளையே ஆடையாக உடுத்தவர் என்று பொருள். உடைமை என்று ஒரு நூல்கூட வேண்டாம் என்பது அவர்களுடைய துறவு. தமிழில் அமணம் என்ற சொல்லுக்குச் சமணம் என்றும் நிர்வாணம் என்றும் இரண்டு பொருளும் உண்டு. சமூக நிர்வாணக்காரர் எதையும் துறப்பதில்லை. மாலையானதும் உடுப்பைப் போட்டுக்கொண்டு, காரில் ஏறி, வீட்டுக்குப் போய்ச் சோறு சமைப்பார்கள்.

"எங்கட பெத்தாமார் ரவிக்கை போடாமத்தானே இருந்தவ. நாமளும் அப்படித்தானே இருந்திருக்கம்?"

பெத்தா என்றால் எங்கள் ஊரில் பாட்டி. என் பெத்தாவும் ரவிக்கை போட்டதில்லை. சேலையை மார்புக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு நெல்லுக் குத்துவார், சந்தைக்குப் போவார். கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளிப்பார். வாவியில் வலை வீசுகிறவர் கோவணத்தோடு நிற்பார், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எவ்வளவு மறைக்க வேண்டும் என்ற கோடு காலத்துக்குக் காலம் நகர்ந்திருக்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஆனால் பெத்தாவுக்கும் ஒரு கோடு இருந்தது. குறுக்குக்கட்டு அவிழ்ந்தால் அவர் உயிரை விட்டிருப்பார். எங்கட முன்னோரும் எஃப்கேகேதான் என்று சிலர் வாதம் செய்கிறார்கள். அது அந்த மனுஷிகளுக்குச் செய்கிற மரியாதை இல்லை.

"அப்ப ஜேர்மனியில எங்கயும் உடுப்பில்லாம திரியலாமா?"

முடியாது. சும்மா உடுப்பில்லாமல் இருப்பது அங்கே தனிக் குற்றம் இல்லை என்றாலும், பிறருக்குத் தொல்லையாக நடந்தால் தண்டம் அறவிடுவார்கள். பஸ்ஸில், கடையில், தெருவில் யாரும் அப்படிப் போக மாட்டார்கள். இடம் குறித்திருக்கும். முனிச்சில் 'ஆங்கிலப் பூங்கா'வின் சில புல்வெளிகள், பேர்லினில் வான்சே கடற்கரையின் ஒரு பகுதி, டொய்ஃபல்ஸே ஏரி, வடக்கே போல்டிக் கரை. இப்போது இளம் ஆட்களிடம் இந்தப் பழக்கம் குறைகிறது. கைத்தொலைபேசிக் கமெராவுக்குப் பயப்படுகிறார்கள்.

"என்னோட வேலை செய்யிறவங்க சவுனாவுக்குக் கூப்பிட்டா என்ன செய்யிற?"

இந்தக் கேள்விக்கு நான் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன், ஏனென்றால் எஃப்கேகே கடற்கரைக்கு நீங்கள் ஒருநாளும் போகாமல் இருக்கலாம், சவுனா அழைப்பு கட்டாயம் வரும். சவுனா என்பது 80, 90 பாகை சூட்டில் பலகை அறை. பத்துப் பதினைந்து நிமிடம் வியர்த்துவிட்டு, வெளியே வந்து குளிர்ந்த தண்ணீரில் குளிப்பது. ஜேர்மனியில் பெரும்பாலான சவுனாக்களில் ஆணும் பெண்ணும் ஒன்றாக, உடுப்பில்லாமல் இருப்பார்கள். நீச்சல் உடுப்போடு வர விட மாட்டார்கள், ஈரத் துணி சுகாதாரக் கேடு என்பது அவர்கள் காரணம். ஃபின்லாந்தில், பழக்கம் இல்லாதவர்களோடு என்றால், பெரும்பாலும் ஆண் பெண் தனித்தனி.

போக விருப்பமில்லை என்றால் "நன்றி, எனக்கு வேண்டாம்" என்று சொன்னால் போதும். காரணம் கேட்க மாட்டார்கள். பொய்யாகத் தலையிடி, காய்ச்சல் என்று சொல்லத் தேவையில்லை. போக விருப்பம், ஆனால் ஆண்களோடு வேண்டாம் என்றால் பல இடங்களில் கிழமைக்கு ஒருநாள் பெண்கள் தினம் இருக்கும், அதைக் கேளுங்கள். போனால் பெரிய துவாய் ஒன்று வேண்டும். உடம்பின் எந்தப் பகுதியும், கால் பாதமும்தான், பலகையில் படாமல் துவாயை விரித்து உட்கார வேண்டும். உள்ளே போக முன் குளிக்க வேண்டும். சத்தமாகக் கதைக்கக் கூடாது. துவாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

"நான் காத்தான்குடி. எங்களுக்கு அவ்ரத் பேணணும். நீச்சல் தடாகத்துல எல்லாரும் உரிஞ்சுதான் குளிப்பாங்களாமே?"

அவ்ரத் என்றால் பிறர் பார்க்காமல் மறைக்க வேண்டிய உடற்பகுதி. தடாகத்தில் இறங்க முன் குளிக்கிற இடம் ஆண் பெண் வேறுவேறு. அங்கே பலர் உடுப்பைக் கழற்றிச் சோப்புப் போடுவார்கள், நீங்கள் காற்சட்டையோடு குளிக்கலாம். கதவுள்ள அறைகளும் சில இடத்தில் உண்டு. பெண்களுக்கு, முழு உடம்பையும் மறைக்கிற நீச்சல் உடுப்பைப் பல தடாகங்கள் ஏற்கின்றன, போக முன் கேட்டுக்கொள்ளுங்கள். சவுனா பற்றி மேலே சொன்னதே பதில்: வேண்டாம் என்றால் வேண்டாம். தன் உடம்பைத் திறக்க உரிமை உள்ளவருக்கு எவ்வளவு மதிப்போ, மூடி வைக்க உரிமை உள்ளவருக்கும் அவ்வளவு மதிப்பு வேண்டும்.

"ஒருக்கா தெரியாம உள்ள போயிட்டா? எங்க பாக்கிற?"

முகத்தைப் பாருங்கள், கடலைப் பாருங்கள். தலையைக் குனிந்து ஓடத் தேவையில்லை. துணிப் பகுதி எந்தப் பக்கம் என்று யாரிடமாவது கேட்டால் சிரித்துக் காட்டுவார்கள். 'அம்மண ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன்' என்ற பழமொழி அங்கே முழுதாகப் பொருந்தாது. போல்டிக் கரையில் இரண்டு விதமானவர்களும் கலந்து இருப்பது உண்டு. சங்கத்துக்குச் சொந்தமான வளவு என்றால் கதை வேறு, அங்கே உடுப்போடு சுற்றி வேடிக்கை பார்க்க விட மாட்டார்கள்.

போனை மட்டும் பையை விட்டு எடுக்காதீர்கள். படம் எடுப்பதுதான் அங்கே மிகப் பெரிய மரியாதைக் கேடு, சட்டப்படியும் சிக்கல் வரும்.

"ஆம்பிளையளுக்கு உடம்பு சொல்லுக் கேக்காட்டி?"

ஒரு தம்பி காதுவரை சிவந்துபோய்க் கேட்டான். அப்படி நடப்பது அரிது, நடந்தால் குப்புறப் படுக்கலாம், துவாயால் மூடலாம், தண்ணீரில் இறங்கலாம். அடங்கியதும் எழும்பினால் சரி. பெண்கள் கேட்கிற மாதவிடாய்க் கேள்விக்கும் சிறிய பதில்தான்: அந்த நாளில் கீழ் உடுப்போடு இருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

"இதால உடம்புக்கு, மனசுக்கு ஏதும் நன்மை இரிக்கா?"

லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கியோன் வெஸ்ட் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், பிரித்தானியாவில் 849 பேரிடம் கேட்டார். நிர்வாண நிகழ்வுகளில் கூடுதலாகக் கலந்துகொண்டவர்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய எண்ணமும், தன்மதிப்பும், வாழ்க்கைத் திருப்தியும் கூடுதலாக இருந்தன. ஏற்கெனவே தன் உடம்போடு சமாதானமாக இருக்கிறவர்தான் அங்கே போகிறாரோ என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்காக அவர் சிறிய நிகழ்வுகளில் முன்னும் பின்னும் கேட்டுப் பார்த்தார், அங்கேயும் முன்னேற்றம் தெரிந்தது.

வெயில் விஷயத்தில் கவனம் வேண்டும். வெயில் படாத தோல் சீக்கிரம் எரியும்.

"பாசிக்குடாவுல வெள்ளைக்காரங்க அப்படிக் குளிக்கக் கேட்டா விடலாமா? அவங்கட நாட்டுல சரிதானே?"

விட முடியாது. இலங்கையில் நிர்வாணக் கடற்கரை என்று சட்டம் ஏற்ற ஓர் இடமும் இல்லை. 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் பொது இடத்தில் அநாகரிகமாக உடம்பைக் காட்டுவதைக் குற்றமாக்குகிறது. ஆங்கிலேயர் எழுதிய சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2025 ஓகஸ்டில் அறுகம்குடாவில் மேலாடை இல்லாமல் நடந்த ஒரு வெளிநாட்டுப் பயணிக்குப் பொத்துவில் நீதவான் நீதிமன்றம் இரண்டு கிழமைச் சிறை விதித்து, அதை ஐந்து வருடத்துக்கு ஒத்திவைத்தது. படம் எடுத்துப் பரப்பினால் 1927 ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் பற்றிய சட்டமும் இருக்கிறது.

சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள். இரண்டாவது பதிலில் நான் சொன்ன ஒப்பந்தம் பாசிக்குடாவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வான் பிடித்து வந்து, முழங்காலளவு தண்ணீரில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு, சேலையோடும் அபாயாவோடும் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிற குடும்பங்கள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. உல்லையில் வலை இழுக்கிறவர்களும் இடவில்லை. அவர்களுடைய சம்மதம் இல்லாத இடத்தில் உரிந்து நிற்பதற்கு எஃப்கேகே என்று பெயர் வைக்க ஜேர்மன்காரரே சம்மதிக்க மாட்டார். பயணிகளுக்கு இதை ஏச்சில்லாமல் சொல்லுங்கள். "இது குடும்பங்கள் குளிக்கிற துணிக் கடற்கரை" என்று சொன்னாலே பெரும்பாலானவர்களுக்கு விளங்கிவிடும்.

"மதில் கட்டின வில்லா, தனித் தடாகம். அங்கயாவது?"

உல்லையில் அறை வைத்திருக்கிற மருமகன் ஒருவரின் கேள்வி. வெளியே தெரியாத தனியிடத்தில் விருந்தாளி தன் பாட்டில் இருந்தால் அது பொது இடத்து விஷயம் இல்லை. நான் அவரிடம் திருப்பிக் கேட்டது: காலையில் தடாகம் சுத்தம் செய்யப் போகிற தம்பி யார்? துவாய் மாற்றப் போகிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை? சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் நிற்பார். ஆகவே வேலையாட்கள் வருகிற நேரத்தை முன்பே குறித்துக் கொடுத்து, அந்த நேரத்தில் உடுத்திக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள். அவர்கள் முன்னால் உரிந்து நிற்பேன் என்கிற விருந்தாளியின் காசு வேண்டாம்.

"என்ர மனுசன் கூட்டாளிமாரோட அந்த ஏரிக்குப் போறாராம். மச்சாள் படம் அனுப்பினவ. அவர் எனக்குத் துரோகம் செய்யிறாரா டீச்சர்?"

இதைக் கேட்ட பிள்ளை மூன்று நாள் சாப்பிடவில்லை. படத்தில் அவர் காற்சட்டையோடு நிற்கிறார், பின்னால் போர்ட் மட்டும் தெரிகிறது. எஃப்கேகே ஏரிக்குப் போவதும் இன்னொரு பெண்ணிடம் போவதும் ஒன்றில்லை. அங்கே வேலைக்கூட்டாளிகள் வெயில் வந்தால் கிட்டவுள்ள ஏரிக்குப் போவார்கள், எந்த ஏரி என்று தேடிப் போவதில்லை. மூன்றாவது பதிலை அவளுக்கு மறுபடி சொன்னேன்.

ஆனால் "அங்க அது சாதாரணம், நீ பட்டிக்காடு" என்று அவர் சொன்னால் அது சரியான பதில் இல்லை என்றும் சொன்னேன். ஒப்பந்தம் கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு இடையில் மட்டும் போதாது, புருசன் பெண்சாதிக்கு இடையிலும் வேண்டும். உனக்கு நோகிறது என்றால் நோகிறது என்று சொல், அவரை வாய் திறந்து விளக்கச் சொல். மச்சாளிடம் இல்லை, மாமியிடம் இல்லை, அவரிடம் கேள். மறுகா அவள் கேட்டாள். இரண்டு பேரும் அழுது, கதைத்து, இப்போது அவர் துணிப் பகுதிக்குத்தான் போகிறார். அது அவர்களுடைய முடிவு. வேறு தம்பதி வேறு விதமாக முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

"நீங்க போனீங்களா டீச்சர்?"

பெண்கள் தின சவுனாவுக்குப் போயிருக்கிறேன். கடற்கரையில் கடைசிவரை உடுப்போடுதான் இருந்தேன். என்னால் முடியவில்லை, முடியாததற்காக அங்கே யாரும் என்னைக் குறைத்துப் பார்க்கவும் இல்லை.

ஆனால் ஒரு நாளைச் சொல்கிறேன். நான் பராமரித்தவர்களில் எண்பது தாண்டிய ஓர் அம்மா இருந்தார். கன்னிப் பருவம் முதல் வார்னமுண்டவின் அந்தப் பகுதியில்தான் குளித்தவர். ஒரு ஜூலை மாதம் இல்லத்தில் அனுமதி வாங்கி, தள்ளுவண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். மணலில் வண்டி ஓடாது, என் தோளைப் பிடித்து நடந்தார். போர்ட்டைத் தாண்டியதும் சட்டையைக் கழற்றச் சொன்னார். மார்புப் புற்றுநோயில் ஒரு பக்கம் எடுத்த தழும்பு குறுக்கே இழுத்த கயிறுபோல இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அவரை மறைப்பது, துவாயை விரித்துப் பிடித்தேன். "எதுக்கு?" என்று கேட்டுக் கையால் தள்ளிவிட்டார். சுற்றிப் பார்த்தேன். ஒரு குடும்பம் அப்பிள் வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் பத்திரிகை வாசித்தார். யாரும் பார்க்கவில்லை. அவர் முழங்காலளவு தண்ணீர்வரை போய், குனிந்து, இரண்டு கையாலும் அள்ளித் தழும்பின் மேல் ஊற்றிக்கொண்டார். தண்ணீர் குளிராக இருக்கிறதா என்று கேட்டேன். உன் ஊர்க் கடல் எப்படி என்று திருப்பிக் கேட்டார். பாசிக்குடாவை நினைத்து, சூடு, முழங்காலளவுதான் ஆழம், வெகுதூரம் நடந்து போகலாம் என்றேன்.